சைடு விங்கிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த நான், 1991இல் சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் எப்படிப் போய் ஒட்டிக்கொண்டேன் என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஏதோ பழைய நினைப்பில் எழுதியது. இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: "எங்களையும் சேர்த்துக்கொள்வார்களா?" சேர்த்துக்கொள்வார்கள். சின்னக் குழுவில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அதற்கு மேலும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. கல்லூரியில் வீதி நாடகம் போட்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து ஒரு குழுவில் முழுநேரமாகச் சேரப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். உங்கள் ஆசி வேண்டும்.
ஒரு வாசகர், திருப்பூர்

ஆசி தரமாட்டேன் தம்பி. கணக்கு வேண்டுமானால் தருகிறேன்.

எங்கள் குழுவில் செலவு நோட்டு எழுதுவது முதல் வருஷத்திலிருந்தே நான்தான். நீள நோட்டு, நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வலப்பக்கம் நிரம்பி வழியும்: அரங்க வாடகை, லைட் வாடகை, டீ, ஜெலட்டின் பேப்பர், சேஃப்டி பின், மறுபடி டீ. இடப்பக்கத்தில் "உண்டியல்" என்று ஒரு வரி இருக்கும். ஷோ முடிந்ததும் துண்டை விரித்துப் பிடித்தபடி வாசலில் நிற்போமே, அந்த வரவு. அதற்குக் கீழே "கைப்பணம்" என்று இருந்தால், டைரக்டர் தன் மனைவியிடம் வாங்கிவந்தது என்று அர்த்தம். ஒரு நாடகத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஒத்திகை பார்ப்போம். நாலு ஷோ போடுவோம். நன்றாகப் போனால் பத்து. இதில் நீங்கள் எங்கே முழுநேரமாக இருக்கப்போகிறீர்கள்? பகலெல்லாம் என்ன செய்வீர்கள்? நாங்கள் எல்லாரும் ஆபீசில் இருப்போம்.

நாடகம் சோறு போட்ட காலம் இல்லாமலில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில், சிறுவர்களையே நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் சேர்ந்தது தொழிலுக்குத்தான். 1918இல் மதுரையில் சுவாமிகளின் சபாவில் சேர்ந்தபோது பிற்காலத்தில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. தங்குவது, தின்பது, பாட்டு, வசனம், அடி, உதை எல்லாம் கம்பெனிக்குள்ளேயே. ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, மாதக்கணக்கில் நடத்தினார்கள். அந்தக் கொட்டகையைச் சினிமா எடுத்துக்கொண்டது. பிற்பாடு கூத்துப்பட்டறை முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டு நடத்தியது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய குழு அது. அவர்களாலும் டிக்கெட் காசை மட்டும் நம்பி அதைச் செய்திருக்க முடியாது. வெளியிலிருந்து நல்கை தேவைப்பட்டது. எந்தக் குழுவாவது "முழுநேரமா வந்துடு தம்பி" என்றால், "மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். நீங்கள் மெர்ச்சண்டைசர். விலை கேட்கக் கூச்சப்படலாமா?

வேலையை விடாமல் ஒரு வருஷம் இருந்து பாருங்கள். பக்கத்தில் கோவை இருக்கிறது. சனி, ஞாயிறு ஒத்திகை நடக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். போன முதல் நாளே சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் (தொடங்கும் நேரம் எல்லாருக்கும் தெரியும், முடியும் நேரம் ஒருவருக்கும் தெரியாது). வெளியூர் ஷோவுக்குப் பயணச் செலவும் பேட்டாவும் யார் தருவது. ஷிப்மென்ட் சமயத்தில் என்னால் வரமுடியாமல் போனால் என்ன செய்வீர்கள். இதையெல்லாம் கேட்டதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்றால், சேருவதற்கு முன்பே தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

ஒரு வருஷத்துக்குப் பிறகும் இதே பித்து இருந்தால், வேலையை விடுவதைப் படிப்புக்காக விடுங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலை இருக்கிறது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருஷம். அங்கே பட்டத்தோடு நாடகத்தில் பங்கெடுத்த அனுபவத்தையும் கேட்பார்கள். அந்த ஒரு வருஷ ஒத்திகை அதற்கும் உதவும்.

கேள்வி: மேடம், நான் ஒரு குழுவில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை ஜமுக்காளம் விரிக்கிறேன், சுருட்டுகிறேன், டீ வாங்கி வருகிறேன். பிராப்பர்ட்டி பெட்டி தூக்குகிறேன். எனக்குப் பின்னால் வந்தவருக்குக்கூட வேடம் கொடுத்துவிட்டார்கள். இது பயிற்சியா, எடுபிடி வேலையா?
பெயர் வேண்டாம், மதுரை

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் எனக்குக் காலை ஷிப்ட், ஆறு மணியிலிருந்து ஒன்று வரை. சாயங்காலம் திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டை மாடியில் ஒத்திகை. என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நான் சொன்ன நேரத்துக்கு வந்தேன் என்பதுதான். நடிக்கவைத்துப் பார்த்தார்கள், மூன்றாவது வரிசைக்கு மேல் என் குரல் கேட்கவில்லை. ஆபரேட்டர் குரல் காதுக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரல் இல்லையா? அதனால் பிரதியைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். பதினோரு மாதம் பிராம்ப்ட் செய்தேன். யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட வேண்டும்: இது கதவு, இது கிணறு.

அந்த நாடகத்தில் மூத்த நடிகர் ஒருவருக்கு அப்பா வேடம். மகன் எழுதிய கடிதத்தை அவர் படித்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் படித்தார், பேசாமல் நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் "சரி" என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒத்திகையே நின்றுவிட்டது. "நான் மறக்கலம்மா. அவன் யோசிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு நான் பிரதியைவிட அதிகமாகப் பார்த்தது அவருடைய கழுத்தைத்தான். மறந்துபோனால் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். யோசிக்கும்போது கழுத்து அசையாது, மூச்சு மட்டும் வயிற்றுக்குப் போகும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். டீ வாங்கி வந்த பிறகு ஒத்திகை நடக்கும் இடத்தில் உங்களை உட்காரவிடுகிறார்களா? இல்லை, டீக்குப் பிறகு போஸ்டர் ஒட்ட அனுப்பிவிடுகிறார்களா? உடற்பயிற்சியும் குரல் பயிற்சியும் நடக்கும்போது நீங்களும் வரிசையில் நிற்கிறீர்களா? எல்லாவற்றையும்விட, ஜமுக்காளத்தின் இன்னொரு முனையைப் பிடிப்பது யார்? கதாநாயகனும் பிடிக்கிறான், டைரக்டரும் பிடிக்கிறார் என்றால் அது குழு, பொறுத்திருங்கள். இரண்டு முனையையும் எப்போதும் நீங்களே பிடிக்கிறீர்கள் என்றால் உங்களை எடுபிடியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் மேடையைக் கூட்டும் முறை எல்லாருக்கும் வரும். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்னுடையது. குனிந்தால் முட்டி வலிக்கிறது என்பதால் நீளத் துடைப்பம் வாங்கியிருக்கிறேன்.

வேடம் பற்றி டைரக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஜாடையாகக் கேட்காதீர்கள். "எனக்கு எது வரவில்லை என்று பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குரல் என்றால் குரல், உடம்பு என்றால் உடம்பு, ஏதாவது ஒரு பதில் வந்தால் அவர் உங்களைக் கவனித்திருக்கிறார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த நாடகம் தொடங்கும்போது நீங்கள் வேறு மாடிப்படி ஏறலாம்.

கேள்வி: நாடகத்தில் இருந்தால் சினிமா வாய்ப்பு வருமா?
ஒரு வாசகர், சேலம்

சிலருக்கு வந்திருக்கிறது. கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாரும் போனார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தவர். கணக்கு எழுதுபவர்களுக்கு எதிர்காலம் உண்டு என்று அதைப் படித்த நாளில் நான்கூடச் சந்தோஷப்பட்டேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. சேர ஆசை. ஒத்திகை இரவு பத்து மணிவரை நடக்குமாம். அம்மா பயப்படுகிறார். தொட்டு நடிக்கும் பயிற்சிகள் இருக்கும் என்றும் தோழி சொன்னாள். எதையெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும், எங்கே இல்லை என்று சொல்ல வேண்டும்?
ஒரு வாசகி, வேலூர்

அம்மாவை ஒருநாள் ஒத்திகைக்குக் கூட்டிப்போங்கள். என் அம்மா வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நேரம், இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலையே" என்றார். அன்றோடு பயம் போய்விட்டது. யாராவது வந்து பார்ப்பதை விரும்பாத குழுவுக்கு நீங்கள் போக வேண்டாம்.

தொடுவது உண்டம்மா, மறைக்க மாட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் கையைப் பிடித்து நடப்பது, முதுகோடு முதுகு ஒட்டி எழுந்திருப்பது, ஒருவர் விழ மற்றவர்கள் தாங்குவது, இதெல்லாம் பயிற்சியில் வரும். நல்ல இடத்தில் இதை எப்படிச் செய்வார்கள் என்றால், என்ன செய்யப்போகிறோம் என்று முன்னாலேயே சொல்வார்கள். எல்லாரும் இருக்கும் இடத்தில், எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வார்கள். "இன்னிக்கு எனக்கு வேண்டாம்" என்றால் சரி என்று விட்டுவிடுவார்கள். "உனக்குத் தயக்கம் போகணும், தனியா வா, ஸ்பெஷலா சொல்லித்தரேன்" என்பது எந்த நாடகப் பாடத்திலும் இல்லை. என் இளவயதில் பட்டறை நடத்த வந்த ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னார். பெரிய ஆள். நான் வாய் திறக்கவில்லை, போகாமல் இருந்துவிட்டேன். என்னோடு இருந்த பெண் போனாள், பிறகு நாடகத்துக்கே வரவில்லை. அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்.

இன்றைக்கு உங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். "நாங்க கம்பெனியா? யாருக்குமே சம்பளம் இல்லையே" என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். சட்டம் அதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும், பயிற்சியில் இருப்பவரும், அப்ரண்டிஸும் அதில் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தாலோ, புகாரே நடத்துபவர் மீதுதான் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சின்னக் குழுக்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். சேரும் நாளன்றே "இங்கே புகார் சொல்லணும்னா யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டுவிடுங்கள். எங்களிடம் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். அதுவரை எங்களிடமும் பதில் இல்லை. அடுத்த வாரமே ஏற்பாடு செய்தோம்.

பத்து மணி விஷயம்: கடைசி ரயில், கடைசி பஸ் இரண்டும் டைரக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் காட்சியை முதலில் ஒத்திகை பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். இதைச் செய்யாத டைரக்டருக்கு நாடகம் தெரிந்திருக்கலாம், குழு நடத்தத் தெரியாது.

கேள்வி: மூன்று மாத நடிப்புப் பயிற்சி, கட்டணம் 45 ஆயிரம், முடிவில் வாய்ப்பு உறுதி என்கிறார்கள். கட்டலாமா?
ஒரு வாசகர், ஓசூர்

முதல் இரண்டில் தப்பில்லை. மூன்றாவதில்தான் பிரச்சினை. கற்றுக்கொடுப்பதற்குக் காசு வாங்கலாம். ஆரோவில் பக்கத்தில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தியில் அங்கேயே தங்கிக் கற்கும் பட்டறைகளுக்குக் கட்டணம் உண்டு. மூச்சு, குரல், உடல் என்று என்ன சொல்லித்தரப்போகிறோம் என்பதைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். வாய்ப்பை உறுதி செய்ய அவர்களால்கூட முடியாது. ஓசூரிலேயே ஏதாவது குழுவின் ஒத்திகையில் ஒரு வாரம் போய் உட்காருங்கள். டீ உங்கள் செலவு.

கேள்வி: தெருக்கூத்து கற்றுக்கொண்டு அதை நவீன நாடகத்தில் பயன்படுத்த ஆசை. பத்து நாள் லீவு இருக்கிறது. போதுமா?
ஒரு வாசகர், சென்னை

பத்து நாளில் அடவு, அதாவது ஆட்டத்தின் கால் வைப்பு, நாலு வரும். கால் வீங்கும்.

கேலி செய்யவில்லை, போகத்தான் சொல்கிறேன். செய்யாறு பக்கம் புரிசையில் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானிடம்தான் கூத்துப்பட்டறைக்காரர்கள் போய்க் கற்றார்கள். எங்கள் குழுவும் தொண்டை மண்டலத்தில் ஒரு ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, ஒரு வாரம் இருந்தது. பகலில் வாத்தியார் காலைத் தட்டித் தட்டி நிற்கக் கற்றுக்கொடுத்தார். நான் உண்மையில் கற்றது ராத்திரியில். பத்து மணிக்குமேல் கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் போகும். வேடம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்கார இடம் கேளுங்கள். அரிதாரம் பூசிக்கொள்ளவே மணிக்கணக்காகும். தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கிரீடமும் கட்டையில் செய்து கண்ணாடி பதித்தவை, நல்ல கனம். அதைக் கட்டிய பிறகு அந்த ஆள் தண்ணீர் குடிக்கும் விதமே மாறிவிடும். விடிகாலை மூன்று மணிக்கு ஊரே தூங்கி வழியும்போது கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எப்படி எழுப்புகிறான் என்று பாருங்கள்.

திரும்பி வந்து "பயன்படுத்த" அவசரப்படாதீர்கள். நாலு அடவை எடுத்துவந்து நவீன நாடகத்தில் செருகியதை நிறையப் பார்த்துவிட்டேன். நாங்களே ஒன்று செய்தோம். கூத்து வாத்தியார் வந்து பார்த்தார். மரியாதைக்காரர், "லைட்டு நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வி: பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. இனிமேல் சேரலாமா?
ஒரு வாசகர், திருச்சி

உடனே கிளம்புங்கள் சார். இருபது வயதுப் பையன் தலையில் பவுடரைக் கொட்டி, முதுகை வளைக்கச் சொல்லி, இருமச் சொல்லித் தாத்தா ஆக்குகிறோம். நிஜத் தாத்தா கிடைத்தால் விடுவோமா? ஒரே ஒரு வேண்டுகோள். முதல் ஆறு மாதத்துக்குக் குழுவை மேனேஜ் செய்யாதீர்கள்.

கேள்வி: நாடகம் கற்றுக்கொள்ள அரசு உதவித்தொகை ஏதாவது உண்டா?
ஒரு மாணவி, நாகர்கோவில்

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகையில் நாடகமும் இருக்கிறது. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். ஏற்கெனவே ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ ஐந்து வருஷம் பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் நம் ஆட்களுக்கு இடிக்கும். சின்னக் குழுவில் யார் சான்றிதழ் தருகிறார்கள்? அதனால் சேர்ந்த நாளிலிருந்தே காகிதம் சேர்த்துவையுங்கள். ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழிலும் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒலி, ஒளி, உடை, "மேடை உதவி", எதுவானாலும் பெயர் இருக்க வேண்டும். என் முதல் நாடகத்தின் அழைப்பிதழில் என் பெயர் இல்லை. "மற்றும் நண்பர்கள்" என்று இருந்தது. அந்த நண்பர்களில் நானும் ஒருத்தி என்று இன்றைக்கு யாரிடம் போய் நிரூபிப்பது?

கேள்வி: நீங்கள் மேடையில் பேசிய முதல் வசனம் எது?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

"தண்ணி வெச்சாச்சு."

எழும்பூர் மியூசியம் தியேட்டரில், 1993. சொம்பை வைத்துவிட்டு இதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு வரியை மாடியில் இரண்டு மாதம் கத்திக் கத்திப் பழகினேன். அன்றைக்கு உள்ளே போனேன், சொம்பை வைத்தேன், சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் எக்ஸ்சேஞ்ச் தோழிகள் நாலு பேர், கேட்கிறது என்று எனக்குத் தெரிவிப்பதற்காகக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொம்பில் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தேன். அப்பா வேடக்காரர் வெறும் சொம்பை எடுத்து, அண்ணாந்து, நிதானமாகக் குடித்து முடித்தார்.